வாசகர் கேள்வி – பதில்: அடிக்கடி ஆஃப்லைன் ஆகும் வீட்டுக் கேமரா

வீட்டுப் பாதுகாப்புக் கேமரா பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. கேமரா ஆஃப்லைன் ஆகிறது, ரீசெட் செய்தால் திரும்பி வருகிறது, இரண்டு நாள் கழித்து மறுபடியும் போய்விடுகிறது. குறை ஒன்றாகத் தெரிந்தாலும் காரணம் வீட்டுக்கு வீடு வேறாக இருப்பதால், ஒன்றுக்கொன்று வேறுபட்ட ஏழு கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: முன்வாசலில் மாட்டியிருக்கும் வைஃபை கேமரா பகல் முழுவதும் ஒழுங்காக வேலை செய்கிறது. இருட்டியதும் செயலியில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. சில நிமிடங்களில் தானாகத் திரும்பி வந்து, மறுபடியும் போய்விடுகிறது. விடிந்துவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. ரௌட்டரைப் புதிதாக வாங்கி மாற்றினேன். கேமராவை மூன்று முறை ரீசெட் செய்தேன். பயனில்லை. கேமராவே பழுதா?

பதில்: கேமராவின் மேல் பழி போடுவதற்கு முன், அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்தைப் பாருங்கள். ‘இருட்டியதும்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒரு நாள் மாலை வெளிச்சம் குறையும் நேரத்தில் கேமராவின் அருகில் போய் நில்லுங்கள். உள்ளிருந்து ‘டிக்’ என்று மெல்லிய ஓசை ஒன்று கேட்கும். பகலில் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதற்காக சென்சாருக்கு முன்னால் நிற்கும் சிறு வடிகட்டி விலகுகிற ஓசை அது. அதே கணத்தில் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. 850 நானோமீட்டர் வகை விளக்குகளானால் மங்கிய சிவப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும். கேமரா இழுக்கும் மின்னோட்டம் அப்போது பல மாடல்களில் பகலில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பகலில் சமாளித்துக்கொண்டிருந்த அடாப்டரும் வயரும் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் போனால், மின்னழுத்தம் சரிந்து கேமரா அணைந்து, மறுபடி உயிர்பெற்று, மறுபடி விளக்கைப் போட்டு, மறுபடி அணைகிறது. நீங்கள் செயலியில் பார்ப்பது இந்தச் சுழற்சியைத்தான்.

இதில் வயரின் பங்கு பலருக்கும் தெரிவதில்லை என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். யூ.எஸ்.பி. வயர்களில் சாதாரணமாக இருக்கும் மெல்லிய செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம். 5 மீட்டர் வயர் என்றால், போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்ந்து 10 மீட்டர், அதாவது 2 ஓம். பகலில் கேமரா 0.3 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் 4.4 மிஞ்சும். இரவில் 0.6 ஆம்பியர் எடுத்தால் 1.2 வோல்ட் போய், கேமராவுக்குக் கிடைப்பது 3.8 மட்டுமே. அடாப்டர் புத்தம் புதியதாக இருந்தாலும் கேமரா இருட்டில் தடுமாறுவதற்கு இது போதும்.

உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதானா என்று உறுதி செய்துகொள்ள இரவுவரை காத்திருக்க வேண்டாம். நடுப்பகலில் செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, இரவுப் பார்வையை ‘தானியங்கி’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள். பட்டப்பகலிலேயே கேமரா விழுந்தால் மின்சாரம்தான் காரணம். கேமராவைக் கழற்றி, அதனுடன் வந்த குட்டை வயரில், அடாப்டருக்குப் பக்கத்திலேயே வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே விழாமல் நின்றால் குற்றம் நீள வயருடையது. அங்கேயும் விழுந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்துவிடுவது வழக்கம், அதன் மேலுள்ள ஸ்டிக்கரில் என்ன அச்சிட்டிருந்தாலும். புதிதாக வாங்கும்போது வோல்ட் அளவு கேமராவில் குறித்திருப்பதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. முன்வாசலுக்கு நீள வயர் தவிர்க்க முடியாதது என்றால், 5 வோல்ட் வயரை நீட்டாமல், எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி வாசலருகே மழை படாத பெட்டிக்குள் ஒரு பிளக் பாயின்ட் வைத்துக்கொள்வதே சரியான வழி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து வரும் பதில்களுக்கும் இது தேவைப்படும். கேமராவில் மெமரி கார்டு போட்டுத் தொடர்ந்து பதிவாகும்படி வைத்திருந்தால், ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன் அந்தப் பதிவைத் திறந்து, ஆஃப்லைன் என்று காட்டிய நேரத்துக்குச் செல்லுங்கள். அந்த நேரத்துக் காட்சிகள் இடைவெளியின்றிப் பதிவாகியிருந்தால் கேமரா விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அறுந்தது வைஃபையோ இணையமோதான். பதிவிலும் அதே நேரத்தில் ஓட்டை விழுந்திருந்தால் கேமராவே அணைந்திருக்கிறது. மின்சாரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப்போல வரும் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் நல்ல ரௌட்டர் ஒன்றை மாற்றியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டின் பின்புறக் கேமரா நாளில் பத்து முறையாவது ஆஃப்லைன் ஆகிறது. நேரம் காலம் எதுவும் இல்லை. மெமரி கார்டில் பதிவு முழுமையாக இருக்கிறது. கேமராவுக்குக் கீழே நின்று ஃபோனில் பார்த்தால் வைஃபை நிறைந்த கோடுகளுடன் தெரிகிறது. பிறகு ஏன் கேமராவுக்கு மட்டும் கிடைக்கவில்லை?

பதில்: பதிவு முழுமையாக இருக்கிறது என்பதை நீங்களே பார்த்து எழுதியதற்கு நன்றி, மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு நேரே வைஃபைக்குப் போகலாம்.

ஃபோன் காட்டும் கோடுகளை நம்பிவிடாதீர்கள். ஃபோனின் ஆன்டெனாக்கள் நன்றாக வடிவமைக்கப்பட்டவை. நீங்கள் கேமராவுக்குக் கீழே, திறந்த வெளியில் நிற்கிறீர்கள். கேமராவோ பெரும்பாலும் ஒற்றைச் சிறு ஆன்டெனாவுடன், சுவரோடு ஒட்டியபடி, சில வேளைகளில் இரும்புத் தகட்டின் மேலேயே மாட்டப்பட்டிருக்கிறது. தவிர, ரௌட்டர் ஃபோனுக்கு உரத்துப் பேசுவது ஒன்று, கேமரா தன் சன்னக் குரலில் பேசுவது ரௌட்டரின் காதில் விழுவது வேறொன்று. படம் கேமராவிலிருந்து ரௌட்டரை நோக்கித்தான் போக வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேமரா தானே உணரும் சிக்னலைப் பாருங்கள். பல செயலிகளில் சாதனத்தின் விவரப் பக்கத்திலும், பல ரௌட்டர்களில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலிலும் இது டி.பி.எம். என்ற அளவில், மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 60 அல்லது பூஜ்யத்துக்கு இன்னும் நெருக்கமான எண் என்றால் கவலையில்லை. மைனஸ் 70-ஐத் தாண்டிவிட்டால் வீடியோ திணறத் தொடங்கும். மைனஸ் 80 என்றால் அந்த இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டுவதில் வியப்பே இல்லை. இந்த அளவில் 10 எண் இறங்கினால் சிக்னலின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மைனஸ் 60-க்கும் மைனஸ் 80-க்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு.

நடுவே என்ன நிற்கிறது என்பது தூரத்தைவிட முக்கியம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், நிறைந்த தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கதவு, பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவை சிக்னலை விழுங்குகின்றன அல்லது திருப்பி அடிக்கின்றன. ரௌட்டர் அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். பிறகு கேமராவையும் சற்றே நகர்த்திப் பாருங்கள். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான், எதிரொலித்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து, ஒரு சாண் தள்ளி ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கும். மாட்டிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததில் எண் கணிசமாக ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மசியாவிட்டால் சேனலை, அதாவது ரௌட்டர் பேசும் அலைவரிசையின் உட்பிரிவை, கவனியுங்கள். அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான். இவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்து நிலையாக வைத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். ‘ஆட்டோ’ என்று விட்டுவைத்தால் ரௌட்டர் தனக்குத் தோன்றும்போதெல்லாம் சேனலை மாற்றும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கேமரா அறுந்து, மறுபடி தேடிப்பிடித்து வர வேண்டியிருக்கும். சிக்னலை நீட்டிக்கும் சாதனம் வாங்குவதானால் அதைக் கேமராவின் அருகில் வைக்காதீர்கள். அங்கேதான் சிக்னலே இல்லையே, எதை நீட்டிக்கும்? ரௌட்டருக்கும் கேமராவுக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

கேள்வி: ரௌட்டர் மாற்றிய நாளிலிருந்து நான்கு கேமராக்களில் இரண்டு சேரவே மறுக்கின்றன. மற்ற இரண்டும் அடிக்கடி விழுகின்றன. பழைய பெயரையும் பாஸ்வேர்டையும்தான் புதிய ரௌட்டருக்கும் வைத்தேன்.

பதில்: பழைய பெயரையே வைத்தது நல்ல யோசனை. ஆனால் புதிய ரௌட்டர்கள் பலவும் 2.4, 5 ஆகிய இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளையும் ஒரே பெயரின் கீழ் கொடுத்து, சாதனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளப் பார்க்கும். வீட்டுக் கேமராக்களில் பல 2.4 மட்டுமே அறிந்தவை. பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று மட்டும் இருந்தாலும் பழைய கேமராக்களால் உள்ளே வர முடியாது. ரௌட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, அதில் டபிள்யூ.பி.ஏ.2 முறையை வைத்து, அந்தப் பெயரில் கேமராக்களைச் சேருங்கள். ரௌட்டர் அனுமதித்தால் பழைய பெயரை 2.4-க்கும் புதுப் பெயரை 5-க்கும் கொடுத்துவிடுங்கள். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கேமராவையும் மறுபடி அமைக்கும் வேலை மிச்சமாகும்.

கேள்வி: மின்தடை வந்து போனால் போதும், கேமரா ஆஃப்லைனிலேயே நின்றுவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் வருகிறது. ஒரு முறை பதிவில் 1970ஆம் ஆண்டு என்று தேதி இருந்தது. வைரஸ் ஏதாவது புகுந்திருக்குமா?

பதில்: வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம். பல கேமராக்களுக்குள் கடிகாரத்தை ஓடவைக்கும் பேட்டரி கிடையாது. ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் இணையத்திடம் கேட்டுத்தான் மணியைச் சரிசெய்துகொள்ளும். இணையம் கிடைக்காவிட்டால் கணினிகள் பல காலத்தை எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1-லிருந்து ஆரம்பித்துவிடும். ஆக, கேமரா விழித்தபோது ரௌட்டர் தயாராக இல்லை என்பதற்கு அந்தத் தேதியே சாட்சி.

மின்சாரம் திரும்பியதும் கேமரா அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரௌட்டருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் சில முறை தேடிப்பார்த்துவிட்டுச் சில கேமராக்கள் முயற்சியைக் கைவிட்டுவிடுகின்றன. ரௌட்டருக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அத்துடன், ரௌட்டர் மறுபடி எழும்போது சாதனங்களை அடையாளம் காட்டும் எண்களான ஐ.பி. முகவரிகளைப் புதிதாகப் பங்கிடும். ஒரே முகவரி இரண்டு சாதனங்களுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டுமே தடுமாறும். ரௌட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டி.எச்.சி.பி. பகுதியில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: வீட்டு வைஃபையில் இருக்கும்போது படம் தெளிவாக வருகிறது. வெளியே வந்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் ஆஃப்லைன் என்கிறது, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: வீட்டுக்குள் வருகிறது என்றால் கேமராவும் வைஃபையும் நலம். வெளியே அனுப்பும் வழியில்தான் அடைப்பு. இணைய நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவது இறங்கும் வேகத்தை; கேமராவுக்கு வேண்டியதோ ஏறும் வேகம். 1080பி தரத்தில் ஒரு கேமராவுக்கு ஏறக்குறைய 2 முதல் 4 எம்.பி.பி.எஸ். வரை தேவைப்படும். கேமராக்கள் இரவும் பகலும் கிளவுடில் பதிவேற்றிக்கொண்டிருந்தால், குறைந்த ஏறுவேகமுள்ள இணைப்பு அதிலேயே மூச்சுமுட்டிவிடும். வெளியிலிருந்து பார்க்கக் குறைந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள், கேமரா வீடியோவை இன்னும் சிறிதாகச் சுருக்கும் எச்.265 முறையை ஆதரித்தால் அதற்கு மாறுங்கள்.

கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பழைய டி.வி.ஆர். பெட்டி ஒன்றில் போர்ட் திறந்துவைத்து, அதாவது வெளியிலிருந்து நேரே உள்ளே வர ரௌட்டரில் வழி விட்டு, பார்க்கிறவராக நீங்கள் இருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறைக்கு உங்கள் இணைய நிறுவனம் மாறியிருந்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டை வந்தடையாது. போர்ட்டைத் திறந்துவைப்பது பாதுகாப்புக்கும் நல்லதல்ல. மூடிவிட்டு, மறையாக்கிய தனி இணைப்பான வி.பி.என். வழியாகவோ, தயாரிப்பாளரின் செயலி வழியாகவோ பாருங்கள்.

கேள்வி: யாரோ வேண்டுமென்றே எங்கள் கேமராவைத் துண்டிக்கிறார்களோ என்று அஞ்சுகிறேன். அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: முடியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய வைஃபை முறையில், ‘இணைப்பைத் துண்டித்துக்கொள்’ என்று ரௌட்டர் சொல்வதைப்போல வெளியாள் ஒருவர் பொய்ச் செய்தி அனுப்ப இயலும். 2009இல் வந்த 802.11டபிள்யூ என்ற தரம் இத்தகைய செய்திகளுக்குக் காப்பு அளிக்கிறது, டபிள்யூ.பி.ஏ.3 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ரௌட்டர், கேமரா இரண்டிலும் அந்த வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். மிகவும் முக்கியமான ஒரு வாசலுக்கு மட்டுமாவது வயர் வழியே இணையும் கேமராவைப் போட்டுவிட்டால் இந்த அச்சத்துக்கே இடமில்லை. பி.ஓ.இ. முறையில் ஒரே ஈதர்நெட் வயரில் மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை போகும்.

ஆனால் நான் கண்ட வரையில், துண்டிப்பவரைவிட நுழைபவருக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றி, அவற்றைக்கொண்டே அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் சேவையைத் தாக்கி, உலகறிந்த இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. உங்கள் கேமராவின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு காத்திருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எண்பது வயதை நெருங்கும் என் அம்மா தனியாக இருக்கிறார். கூடத்தில் கேமரா வைத்திருக்கிறோம். தினமும் இரவு பத்து மணி வாக்கில் ஆஃப்லைன் ஆகி, விடியற்காலை ஐந்து மணிக்கு வந்துவிடுகிறது. மெமரி கார்டிலும் அந்த நேரத்துப் பதிவு இல்லை. இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. கேமராவை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். கார்டிலும் பதிவில்லை என்பதால் கேமரா அணைந்துதான் இருக்கிறது. முதல் கடிதத்தில் பார்த்த இருட்டுக் கோளாறாக இருந்தால், அது கூடத்து விளக்கு அணைந்ததும் தொடங்கும். கேமரா விழுந்து விழுந்து எழுந்திருக்கும். கார்டில் துண்டு துண்டாகவாவது காட்சிகள் இருக்கும். உங்கள் கேமராவோ ஏழு மணி நேரம் ஒரேயடியாக மௌனமாகி, அம்மா எழுந்துகொள்ளும் நேரத்தில் திரும்பி வருகிறது. படுக்கப் போகும்முன் வீட்டிலுள்ள சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் அவருக்கு உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

உண்டு என்றால், அவரிடமே பேசுங்கள். மின்சாரம் வீணாகக் கூடாது, இரவில் எதுவும் சூடேறித் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக அணைப்பவராக இருந்தால், கேமரா எடுக்கும் மின்சாரம் ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு அளவுதான் என்று சொல்லி, தரமான அடாப்டர் போட்டு, அந்த சுவிட்சின் மேல் பெரிய எழுத்தில் ‘இதை அணைக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அப்படியில்லாமல், உறங்கும் நேரத்தில் யாரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவரே நினைத்து அணைப்பவராகவும் இருக்கலாம். அது அவருடைய வீடு. அந்த விருப்பத்துக்கு நீங்கள் மதிப்புக் கொடுக்க வேண்டும். கேமராவை வாசல் கதவைப் பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டு, படுக்கப் போகும்போதும் எழுந்ததும் அவர் ஒரு முறை ஃபோனில் கூப்பிடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு சாவியும் இருக்கட்டும்.